விளக்கு அணைக்கிற வேலை

என் ராஜம்மா,

எழுதுவது நான்தான், நம்பு. முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு பீடி தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் உன் பெயரை எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது. இதைப் பார்க்காமல் போனாயே.

சொல்ல வந்தது மட்டும் வெட்கக்கேடு.

தீபத்துக்கு நம் செல்வி வந்திருந்தாள். சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள். மலையில் தீபம் தெரிந்ததும் தெருவே அகல் ஏற்றியது. பக்கத்து வீட்டுக் கண்ணம்மா அவளிடம், "மெட்ராஸ்ல இன்னாடி படிக்கிற?" என்றாள்.

"பாஸ்படேஸ்னு ஒரு நொதி, அத்தை. செல்லுக்கு 'வளரு'னு சேதி வந்தா, வேற ஒரு நொதி அதுக்குள்ள பாஸ்பேட்டை ஒட்டும். விளக்கு ஏத்துற மாதிரி. பாஸ்படேஸ் வந்து அதைப் பிச்சு எடுத்துடும். விளக்கு அணைஞ்சுடும்."

"விளக்கு அணைக்கவா இம்மாம் படிப்பு?"

தெரு சிரித்தது. நம் ஊரில் விளக்கை வாயால் ஊதமாட்டோம், பூவால் குளிர வைப்போம். அதுவும் தீபத்தன்று இந்தப் பேச்சா? "அபசகுனம். அந்த வேலைய விட்டுட்டு வா" என்றேன், எல்லார் முன்னாலும்.

மறுநாள் காலை, பையோடு வாசலில் நின்று சொன்னாள்: "அணைக்க ஆளில்லைனா செல்லு பெருகிக்கினே போவும்பா. கட்டியாயிடும். சில பேருக்கு அப்படி ஆவுது. அம்மாவுக்கு இந்த நொதிதான் கெட்டுச்சானு தெரியாது. அதனாலதான் இதை எடுத்தேன்."

உன் மார்பில் இருந்த கட்டியை நினைத்தேன். இத்தனை வருஷமும் அவள் உன்னைத்தான் படித்துக்கொண்டிருந்தாளா? அதையா அபசகுனம் என்றேன்? என்ன மனுஷன் நான்?

நேற்று பூத்திலிருந்து போன் செய்து பொங்கலுக்குக் கூப்பிட்டேன்.

"விளக்கு அணைக்கிறவ நல்ல நாள்ல வரலாமாப்பா?"

கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இன்று கண்ணம்மாவை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நான் சிரிச்சது தப்புதான். பெத்தவன் உனக்கு எங்க போச்சு புத்தி? போய்க் கூட்டிக்கினு வாண்ணா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன், ராஜம்மா. பஸ் போர்டை நானே படித்து ஏறுவேன். தெரு பார்க்க அவமானப்படுத்தினேன், அவளோடு வேலை செய்பவர்கள் பார்க்கவே மன்னிப்புக் கேட்பேன். அவள் வந்தாலும் வராவிட்டாலும், அந்த வேலையை விடச் சொல்லமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் வீட்டுக்காரன், செல்வியின் அப்பா,
துரைசாமி