காதில் சொன்ன முடிவு

3.3.1987, செவ்வாய்

“ஏம்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். யார் வீட்டு வாசலிலோ நின்று கேட்கிற மாதிரி. கொடுத்தேன். “தேங்ஸ்மா” என்றார். கட்டின பொண்டாட்டிக்குத் தேங்ஸ்.

ஸ்ட்ரோக் வந்து படுத்து எழுந்ததிலிருந்து இப்படித்தான். ரயில்வேயில் கிளார்க்காக இருந்த காலத்துக் கதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்கிறார். கார்த்திகேசு வந்தால் மகன் என்று தெரிகிறது. பிரிக்பீல்ட்ஸ் ரோட்டில் பூக்கட்டுகிறவளைக்கூடத் தெரிகிறது. என் முகம்தான் வந்து வந்து போய்விடுகிறது. காலையில் லெட்சுமி, மத்தியானம் யாரோ.

பழைய போட்டோ காட்டுங்கள், பழைய விஷயமாகப் பேச்சுக் கொடுங்கள் என்றார் டாக்டர். கல்யாணப் போட்டோவைக் காட்டினேன். “இது என் ஒய்ஃப். நல்லா இருக்காள்ல?” என்று என்னையே கேட்கிறார். நல்லாத்தான் இருக்கா, சனியன்.

6.3.1987, வெள்ளி

ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணமான புதுசில், கிள்ளானில் இருந்தபோது, இவர் என்னை முதன்முதலில் கூட்டிப்போன படம். இங்கிலீஷ், கறுப்பு வெள்ளை. எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. படம் முழுக்க என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். “அண்ணே, நாங்களும் காசு குடுத்துத்தான் வந்திருக்கோம்” என்று பின் சீட்டுக்காரர் சத்தம் போட்டும் விடவில்லை.

ஒரு கப்பல்காரனுக்கு விபத்தில் கண் போய்விடும். ஆப்பரேஷன் செய்து கட்டை அவிழ்க்கும்போது எதிரே நிற்பவளைப் பார்த்து, இவள் என் மனைவி இல்லை என்பான். அவள் அழுவாள், கல்யாண மோதிரத்தைக் காட்டுவாள். நம்ப மாட்டான். கடைசியில் அவள் ஒரு கிண்ணத்தில் சூப் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். அந்த மியூசிக்குக்குப் பயந்து நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். இவர்தான் காதில் சொன்னார்: “சூப்பக் குடிக்கிறான். ருசியிலயே கண்டுபிடிச்சிட்டான், இவதான் பொண்டாட்டின்னு. எல்லாம் சரியாப் போச்சு, கண்ணத் தொற.” திறந்தபோது லைட் போட்டுவிட்டார்கள்.

அதைப் போட்டுக் காட்டினால் என்ன? அந்த ஆளுக்குச் சரியானது இவருக்கும் சரியாகாதா? பைத்தியக்காரத்தனம்தான். இருக்கட்டும்.

7.3.1987, சனி

வீடியோ கடை ராதாகிருஷ்ணன் சிரிக்கிறான். “பேரு தெரியாம எப்படிலா ஆன்டி தேடுறது?” முழுக் கதையையும் சொன்னேன். “ஓ, அந்தக் கண்ணு படமா? டிவியில போட்டப்ப புடிச்ச டேப் இருக்கு. அடியில மலாய் எழுத்து ஓடும், படம் கொஞ்சம் கோடு கோடா வரும், பரவால்லயா?” பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு வந்தேன். வழியில் பிள்ளையாருக்கு ஒரு சூடம்.

8.3.1987, ஞாயிறு

எப்படி எழுதுவேன் இதை.

படம் ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “லெட்சுமி, இங்க வா. இவன் கப்பல்ல கேப்டன்” என்று என் காதுப் பக்கம் குனிந்தார். அந்தக் குரலேதான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு பேச்சுக் குறைந்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை, இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்கப் போகிறார், இதோ, இதோ என்று.

ஏதோ உடைகிற சத்தம். டிவி பக்கம் திரும்பினேன். கிண்ணம் தரையில் கிடந்தது, பக்கத்தில் அந்த ஆள். அவள் விரலிலிருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டு நின்றாள்.

இவர் கையை உருவிக்கொண்டார். “நீ யாரு?” என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டோடு தள்ளிவிட்டார்.

9.3.1987, திங்கள்

அவர் தூங்கும்போது டேப்பைத் திரும்பப் போட்டேன். நிறுத்தி நிறுத்தி, அந்த மலாய் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். டியா புக்கான் இஸ்திரி சாயா. அவள் என் மனைவி அல்ல.

அவன் சொன்னது நிஜம். அவள் மனைவியே இல்லை. மனைவியைக் கொன்று கடலில் தள்ளிவிட்டு வந்தவள். சூப்பில் விஷம்.

அப்படியென்றால் அன்றைக்கு என் காதில் சொன்னது? பயந்து நடுங்குகிறாளே, சின்னப் பெண்ணாயிற்றே என்று ஒரு முடிவைத் தானே கட்டிச் சொல்லியிருக்கிறார். வீடு வரைக்கும், இந்த வயசு வரைக்கும் அதை நம்பிக்கொண்டு வந்திருக்கிறேன். அதையே மருந்து என்று வாங்கிவந்து என் கையாலேயே கொடுத்தேன்.

ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

10.3.1987, செவ்வாய்

கஞ்சி வேண்டாமாம். மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

11.3.1987, புதன்

கிளினிக்கிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி வந்து பிரஷர் பார்த்தாள். நான் வைத்த அதே கஞ்சியை அவள் ஊட்டினாள். மடமடவென்று குடித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வயிறு நிறைந்தது, நெஞ்சு எரிந்தது.

அவள் போனபிறகு கிட்டே போனேன். என் கழுத்தையே பார்த்தார். “அது லெட்சுமியோட தாலி. ஓன் கழுத்துக்கு எப்படி வந்துச்சு? அவள என்ன பண்ணின?” கத்தவில்லை. அழுதார். என்னைத் தேடி அழுகிறார். நான் முன்னாலேயே நிற்கிறேன்.

14.3.1987, சனி

பூச்சோங்கிலிருந்து கார்த்திகேசு வந்தான். ரொட்டி பாக்கெட்டை அவன் பிரித்துக் கொடுத்தால் தின்கிறார். அதுவும் ரெண்டு துண்டு. சட்டை தோளில் தொங்குகிறது.

“ஏம்மா, இந்த மாதிரிப் படத்தப் போயா போட்டுக் காட்டுவீங்க?”

“முடிவு வேற மாதிரிடா.”

“யார் சொன்னா?”

ஒங்கப்பாதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

“இப்படியே போனா மூக்குல டியூப் போடணுமாம். வயசானவங்க ஹோம்ல விட்டுரலாம்மா. அங்க யார் குடுத்தாலும் சாப்பிடுவாரு. நீங்க குடுத்தாத்தானே சூசா.”

சரியாகத்தான் சொல்கிறான். புருஷனுக்கு நான்தான் கஷ்டம். நான் செத்துப் போனால் இவர் சாப்பிடுவார். திங்கட்கிழமைக்குள் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

15.3.1987, ஞாயிறு

புதன்கிழமை வந்த மிஸ்ஸி நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை. முன்வாசல் வழியாக வந்தாள்.

புருஷன் உசுரோடு இருக்கும்போது தாலியைக் கழற்றுவதா? எங்கம்மா இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள். பிரசவத்துக்குக்கூட நான் கழற்றினதில்லை. மாரியாத்தா, நீயே ஒரு வழி சொல்லு. எனக்கு ஒண்ணும் தோணல.

16.3.1987, திங்கள்

கழற்றிவிட்டேன். மஞ்சள் கயிறு நனைந்து இறுகியிருந்தது, தலை வழியாக எடுக்கும்போது காதில் மாட்டிக்கொண்டது. பொட்டை அழித்தேன். கார்த்திகேசுவின் பெண்டாட்டி விட்டுப்போன வெள்ளை பாஜு உடுப்பைப் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி வந்து, என் வீட்டு முன்கதவை நானே தட்டினேன்.

“யாரு?”

“கிளினிக்லேருந்து அனுப்பியிருக்காங்க சார்.”

உட்காரச் சொன்னார். கஞ்சி எடுத்துவந்தேன். ஒரு கரண்டி. என் கண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

கிண்ணம் முழுக்கக் குடித்தார்.

“ருசியா இருக்கும்மா. என் ஒய்ஃப் வைக்கிற மாதிரியே இருக்கு” என்றார். பிறகு, “கல்யாணம் ஆயிருச்சா ஒனக்கு?”

“ஆயிருச்சு சார். அவரு வெளியூர்ல இருக்காரு. எப்ப வருவாருன்னு தெரியல.”

தலைப்பு இல்லாத உடுப்பு. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். அவர் கிட்டே நகர்ந்து வந்தார். பிறகு என் காதுப் பக்கம் குனிந்தார்.

“வந்துட்டாரும்மா. எல்லாம் சரியாப் போச்சு. கண்ணத் தொற.”

திறந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். யாரோ ஒரு மிஸ்ஸியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

ஹோம் வேண்டாம் என்று கார்த்திகேசுவுக்குப் போன் செய்துவிட்டேன். தாலி மைலோ டின்னில், அரிசிக்குள் இருக்கிறது. நாளைக் காலையிலும் முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.