‘சேர்ந்தேன்’ என்ற அட்டைக்கு என் பதில்

இன்று காலை குழந்தையின் வாயிலிருந்து அதைப் பிடுங்கினேன். விரல் நுனி அளவில் ஒரு உலோக மூடி. மெட்ராஸ் போவதற்காகக் கல்லூரிக் காலத்துப் பையை எடுத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். தவழ்ந்து வந்தவள் பையின் பக்கவாட்டு அறைக்குள் கையை விட்டிருக்கிறாள். பல் முளைக்கிற பருவம், எது கிடைத்தாலும் வாய்க்குத்தான். நான் போட்ட கூச்சலில் அவள் அழ, அடுப்படியிலிருந்து மாமியார் ஓடி வந்தார்.

“இன்னாம்மா அது? மை டப்பி மூடியா?”

“இல்ல அத்தை. கம்பிக்குப் போடற மூடி.”

“கம்பிக்கு எதுக்கு மூடி? அதுக்கு இன்னா குளிரா?”

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அப்புறம் அத்தையின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதிலும் சொல்லியிருப்பாய். எனக்குப் பொறுமை இல்லை. இப்போதெல்லாம் எதற்குமே இல்லை. மூடியைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு உன் முந்தானைதான் ஞாபகம் வந்தது.

நம் கல்லூரி ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறிகள் எல்லாம் ஒரே கருப்புக் கம்பியில் வரிசையாகக் கோத்திருக்கும். அந்தக் கம்பியின் இரண்டு முனையிலும் இந்த மூடி மாட்டியிருக்க வேண்டும். ஒரு நாள் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குக் காட்டுவதற்காக ஒரு முனை மூடியைக் கழற்றினாய். அதற்குள் மெஸ் மணி அடித்தது. அன்றைக்கு வத்தக்குழம்பு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூடியைச் சில்லறையைப் போல முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினாய், நானும் பின்னால் ஓடினேன்.

திரும்பி வந்தால் ஆய்வுக்கூடமே கலவரமாக இருந்தது. ஒரு கணிப்பொறி சொல்வது இன்னொன்றுக்குப் போய்ச் சேரவில்லை. சீனியர்கள் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடியை மறந்தே போய், நாமும் கூடச் சேர்ந்து மும்முரமாகத் தேடினோம். நீ மேஜைக்கடியில் புகுந்து, “இங்ஙன எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்று அறிக்கை வேறு கொடுத்தாய். சாயங்காலம் டீக்குக் காசு எடுக்க முந்தானை முடிச்சை அவிழ்த்தபோது மூடி தரையில் விழுந்து உருண்டது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு உன்னைப் பார்த்தார்கள். நீ அசரவே இல்லை.

“பாத்தியாட்டி? முடியுத எடத்துல ஒருத்தர் இருந்து வாங்கிக்கிடணும். இல்லன்னா சொன்னது அப்படியே திரும்பி வந்து, அடுத்தாப்புல வாரது மேல முட்டும். இத நான் செஞ்சே காட்டிட்டேன்லா.”

அடுத்த வாரம் புது மூடிகள் வந்தன. உன் பெயரால் பிரசித்தியாகிவிட்ட அந்தப் பழையதை உனக்கே கொடுத்துவிட்டார்கள். நீ அதை எனக்குக் கொடுத்தாய்.

நான் செஞ்சிக்காரி, நீ தென்காசிக்காரி. என் ‘இன்னா’வைக் கேட்கும்போதெல்லாம் “ஒரு எழுத்த முழுங்குதியே, பசியாட்டி?” என்பாய். உன் ‘ஏட்டி’யைக் கேட்டால் யாரோ தெருச்சண்டைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் பயந்தேன். விடுதி அறையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவோம். ஒரே கம்பியில் இரண்டு செய்தி மோதினால் என்ன செய்வது என்று பாடத்தில் இருந்ததையே நமக்கும் சட்டமாக்கினாய்: மோதிக்கொண்டால் இரண்டு பேரும் நிறுத்த வேண்டும், மனசுக்குள் ஆளுக்கொரு எண்ணை நினைத்துக்கொண்டு அதுவரை எண்ண வேண்டும், முதலில் முடித்தவள் பேசலாம். நீ எப்போதும் சின்ன எண்ணாகத்தான் நினைப்பாய், திருடி.

இன்னொரு சட்டம் அட்டை. லீவுக்கு யார் ஊருக்குப் போனாலும் இறங்கியதும் ‘சேர்ந்தேன்’ என்று ஒரு அஞ்சலட்டை போட வேண்டும். மூலையில் வரிசை எண் இருக்க வேண்டும். வாங்கியவள் அந்த எண்ணைக் குறிப்பிட்டு ‘கிடைத்தது’ என்று பதில் எழுத வேண்டும். “ஒண்ணும் சேதி வரலைன்னா நல்லா இருக்காங்கன்னுதானே அர்த்தம்?” என்று நான் ஒரு முறை கேட்டதற்கு உனக்குக் கோபமே வந்துவிட்டது.

“சேதி வரலைன்னா சேதி வரலைன்னுதாம்ட்டி அர்த்தம். நல்லா இருக்காங்கன்னு அதுல எங்க எழுதியிருக்கு?”

“சரி, ‘கிடைத்தது’ன்னு நான் எழுதினது உனக்குக் கிடைச்சுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுக்கு நீ ஒரு அட்டை போடுவியா? அது வந்துதுன்னு நான் ஒண்ணு போடணுமா?”

அட்டைகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாய். “அது முடியாத கத. எங்கயோ ஒரு எடத்துல நம்பித்தான் ஆவணும்.”

கடைசியாக நீ ஊருக்குப் போனபோது தந்திதான் முதலில் வந்தது. மூளைக்காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள். விடுதிக் காப்பாளர் என்னை அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். அதற்கெல்லாம் பிறகு, ஒரு நாள் மத்தியானம், தபால் தட்டில் உன் அட்டை கிடந்தது. ‘சேர்ந்தேன். இங்கே சாரல். லேசாகத் தலைவலி, ரயில் சரியில்லை. அம்மா உனக்கென்று முறுக்கு சுடுகிறாள்.’ மூலையில் எண்ணும் இருந்தது.

முன்னால் அனுப்பியது பின்னால் வரலாம், எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்ள வேண்டும் என்றுதானே படித்தோம். அடுக்கினேன். முதலில் நீ ஊர் போய்ச் சேர்ந்தாய், பிறகு காய்ச்சல் வந்தது, பிறகு தந்தி. சரியாகத்தான் அடுக்கினேன். ஆனாலும் அந்த மத்தியானம் முழுக்க நீ ஊரில் உட்கார்ந்து சாரலைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே எனக்கு இருந்தது. ‘கிடைத்தது’ என்று எழுத ஒரு அட்டையும் வாங்கினேன். முறுக்கு சுட்ட உன் அம்மாவின் கையில் போய் அது விழுமே என்று போடவில்லை.

இப்போது நாளைய விஷயத்துக்கு வருகிறேன்.

நாளை மறுநாள் எனக்கு வாய்மொழித் தேர்வு. கல்யாணம், பிரசவம் என்று தள்ளித் தள்ளி வந்தது. இந்தத் தடவையும் போகாவிட்டால் ஆய்வுப் பதிவு ரத்தாகிவிடும், நாம் இரண்டு பேரும் பார்த்த வேலை அலமாரியோடு போய்விடும். குழந்தைக்கு இருமல். இந்த வெயிலில் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இதுவரை ஒரு ராத்திரிகூட அவளைப் பிரிந்ததில்லை. புட்டிப்பால் பாதி குடிக்கிறாள், பாதி துப்புகிறாள். போகலாம் என்று துணியை அடுக்குகிறேன், வேண்டாம் என்று வெளியே எடுக்கிறேன். காலையிலிருந்து இதே வேலைதான்.

ஆய்வேட்டின் தலைப்பைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. செய்தி அனுப்பியவர் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? சீக்கிரம் பொறுமை இழந்தால் ஒன்றையே திரும்பத் திரும்ப அனுப்பிக் கம்பி நெரிசலாகும். ரொம்பப் பொறுத்தால், தொலைந்துபோன ஒன்றுக்காகச் சும்மா உட்கார்ந்திருப்போம். மூன்றாம் அத்தியாயம் உன்னுடையது. ‘சராசரியா எவ்வளவு நேரமாகுதுன்னு பாத்தா மட்டும் பத்தாது. அது கூடிக் கொறஞ்சு எவ்வளவு தள்ளாடுதுன்னும் பாக்கணும்’ என்பாய். தேர்வாளர்கள் அதில்தான் கேட்பார்கள். குழந்தை இருமினால் அடுத்த இருமலுக்கு எவ்வளவு நேரம் பொறுப்பது என்றே தெரியாதவள் நான், அங்கே போய் என்ன சொல்லப்போகிறேனோ.

இவர் தாலுக்கா ஆபீஸுக்குக் கிளம்பும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். “போய்ட்டு வா. போன் எதுவும் வரலன்னா நல்லாருக்கோம்னு நெனச்சிக்க.”

“நெனச்சிக்க மாட்டேன்!” என்று கத்திவிட்டேன். மனிதர் செருப்பை மாட்டியபடி அப்படியே நின்றுவிட்டார். உன்னைப் பற்றி அவரிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன், அந்த அட்டையைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னேன். அவர் உள்ளே வந்து உட்கார்ந்து கேட்டார். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

“சரி. நாளைக்கு சாயங்காலம் பாய் கடைக்கு நீ மெட்ராஸ்லேர்ந்து ட்ரங்க் கால் போடு. அம்மாவ அங்க நிக்க வெக்கிறேன். எனக்கு ஆபீஸ் முடிய நேரமாவும், அவங்கதான் பேசணும். இன்னிக்கு மத்தியானம் நான் ஆபீஸ்லேர்ந்து பண்றேன், ஒரு தடவ பேசிப் பழகட்டும்.”

அத்தை இதுவரை போனைக் காதில் வைத்ததே இல்லை. மத்தியானம் கடைவீதியில் ஜவுளிக்கடை பாய், எங்களுக்காகத் துணிக்கட்டை நகர்த்திவிட்டு போனை முன்னால் இழுத்து வைத்தார். குழந்தை என் இடுப்பில். மணி அடித்தது.

“அலோ! டேய், சாப்டியாடா?” என்று அத்தை கத்த, அதே நேரத்தில் அந்தப் பக்கம், “அம்மா, கேக்குதா?” என்று இவர் கத்துவது எனக்கே கேட்டது. இரண்டு பேரும் நிறுத்தினார்கள். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகவே திரும்ப ஆரம்பித்தார்கள். மறுபடி நிறுத்தினார்கள், மறுபடி மோதினார்கள்.

“யக்கா, இது போனு. கொழாயடி இல்ல” என்றார் பாய்.

“நீ சும்மா இரு பாய். அவன் வுட்டாதானே நான் பேச?”

எனக்குச் சிரிப்பு பொங்கியது. எத்தனை நாளாயிற்று. “அத்தை, மனசுக்குள்ள மூணு எண்ணிட்டுப் பேசுங்க. அவர் சொல்லி முடிச்சதும் ‘கேட்டுச்சு’ன்னு சொல்லுங்க. அப்புறம் நீங்க சொல்லுங்க” என்றேன்.

அத்தை கண்ணை மூடி உதட்டை அசைத்து எண்ணினார். அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். “கேட்டுச்சுடா. இப்ப நான் சொல்றேன். கொயந்த பால் குடிச்சிச்சு, இருமல் கம்மி. உனுக்குக் கேட்டுச்சா? … தலைய ஆட்டினா எனுக்கு எப்பட்றா தெரியும்? வாயத் தொறந்து சொல்லு, கேட்டுச்சுன்னு!”

இவர் அங்கே தலையைத்தான் ஆட்டினாரோ என்னவோ, அத்தை விடவில்லை. பதில் வந்த பிறகுதான் போனை வைத்தார். உன்னைவிடக் கறார். பாயின் துணிக்கட்டுக்குப் பின்னால் திரும்பி நின்று நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். “இன்னாம்மா, சளி புடிச்சிக்கிச்சா? கொயந்தைக்கு ஒட்டிடப் போவுது” என்றார் அத்தை.

இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள். மலைப்பாறையின் சூடு இன்னும் வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. பதற்றம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இதை எழுதுவதற்குள் எழுந்துபோய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன், திரும்பவும் போவேன். ஆனால் பையை மூடிவிட்டேன். அடுக்கியதை இனி வெளியே எடுப்பதாக இல்லை. விடிந்ததும் திண்டிவனம் வழியாகப் போகிற பஸ். மூன்றாம் அத்தியாயத்தில் என்ன கேட்டாலும் நீ சொன்ன மாதிரியே சொல்லப்போகிறேன், தென்காசிப் பேச்சை மட்டும் எடுத்துவிட்டு. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் உன் பெயர் இருக்கிறது. யார் என்று கேட்டால் அதையும் சொல்வேன்.

மூடியைத் திரும்பப் பையில் வைக்கவில்லை. குழந்தைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று நாளைக்குக் கட்டும் புடவையின் முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறேன். டீக்குக் காசு எடுக்கும்போது கவனமாக இருக்க வேண்டும்.

இந்தப் பதில் உனக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்க மாட்டேன். எங்கேயோ ஓரிடத்தில் நம்பித்தான் ஆக வேண்டும் என்றாய், நான் இங்கே நம்பிக்கொள்கிறேன். உன் அட்டை, மூலையில் எண்ணோடு, சாரலோடு, அம்மாவின் முறுக்கோடு, எல்லாம் கெடச்சுதுடி.