ஒரு முறை அழுத்தினால்

குளிர்க்கிடங்கு நான்கு, நிலாத் தென்முனை
பணிக் குறிப்பு. எழுதுபவர்: இசக்கிமுத்து, காவல்

மார்ச் 3, காலை 7.10

காற்றழுத்தம் சரி. பனிக்கட்டி அறைகள் சரி. மின்கலம் முக்கால் அளவு. வெளியே யாரும் இல்லை.

மடிக்கணினியில் என்ட்டர் விசை மறுபடியும் ஒட்டுகிறது. ஒரு முறை அழுத்தினால் திரை தானாகப் பத்து வரி இறங்கிவிடுகிறது. நேற்று ஒட்டவில்லை. முந்தாநாள் ஒட்டியது. கோளாறுகளிலேயே கழிசடை இந்த வகைதான். செத்த பொருளைச் சரிசெய்துவிடலாம். செத்ததுபோல் நடிப்பதைக் கையும் களவுமாகப் பிடிப்பது கடினம்.

இந்தக் கணினிக்கும் நிலையத்துக்கும் ஒரே வயது. கதவு, காற்று, விளக்கு எல்லாம் இதன் சொல்லைத்தான் கேட்கும். வேறு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். மூடப்போகிற நிலையத்துக்கு எதற்கு என்று பதில் வந்தது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் படித்தது எட்டாம் வகுப்பு. தூத்துக்குடியில் பழைய டி.வி. பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றவன். என் குறிப்பில் பொய் இருக்காது.

மார்ச் 3, பிற்பகல் 2.30

இந்த விசையைப் பற்றி நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று தோன்றலாம். இந்த விசைதான் என்னோடு இங்கே வேலை பார்த்த சூசை மிக்கேலைக் கொன்றது.

வெளியே போய்த் திரும்புகிறவர் முதலில் இரு கதவுகளுக்கு நடுவே உள்ள காற்றறையில் நிற்பார். உள்ளே இருப்பவரிடம் கணினி கேட்கும்: காற்று நிரப்பவா? என்ட்டர் அழுத்தினால் ஆம். காற்று நிரம்பியதும் அவர் விண்ணுடுப்பைக் கழற்றிக் கொக்கியில் மாட்ட வேண்டும். நிலாத் தூசி உள்ளே வரக்கூடாது என்பது விதி. கொக்கியில் உடுப்பின் எடை விழாமல் உள்கதவு திறக்காது. அந்த ஏற்பாட்டை வைக்கச் சொன்னவர் இயக்குநர் கோதண்டம்.

அவர் கழற்றிக்கொண்டிருக்கும்போதே திரையில் அடுத்த கேள்வி வந்து நிற்கும்: காற்றை வெளியேற்றவா? வேறு யாராவது வெளியே போக வேண்டியிருந்தால் அதற்கு ஆம். அதற்கும் அதே என்ட்டர்.

அன்று நான் அழுத்தியது ஒரு முறை. விரலை எடுத்துவிட்டேன். விசை எழவில்லை. மிக்கேல் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணாச்சி, கஞ்சி வச்சாச்சா? பசி கொல்லுது."

அடுத்த கேள்விக்கும் ஆம் விழுந்தது.

காற்று வெளியேறுவதைக் கையால் நிறுத்தும் அடைப்புச் சக்கரத்துக்கு ஓடினேன். அறையின் மறுகோடியில் இருக்கிறது. திருப்பி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கோதண்டம் எழுதிய அறிக்கை எனக்கு மனப்பாடம். "இயக்குபவர் விசையை இரு முறை அழுத்தினார். விசைப்பலகையைச் சோதித்தோம். பழுதில்லை. முதுமையால் கை நடுங்கியதால் வந்த தவறு. இசக்கிமுத்து இனிக் கதவு விசையைத் தொடக்கூடாது."

மிக்கேலின் மனைவி அதைப் படித்துவிட்டு என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். என்னை அழைத்துப்போக வந்த கப்பல்களை நான் திருப்பி அனுப்பினேன். அறிக்கையைத் திருத்தாமல் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.

மார்ச் 6, பகல் 11.40

பூமியிலிருந்து கோதண்டம்: "இசக்கிமுத்து சார், கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க. இருபதாம் தேதி கப்பல் வருது. இதுதான் கடைசி. ஏறிடுங்க. ஓய்வூதியம் எல்லாம் கரெக்டா வரும். அந்தப் பழைய லேப்டாப்பைத் தூக்கிட்டு வரவேண்டாம், அங்கேயே போட்டுடுங்க."

நான்: "நான் வாரதுன்னா இதுவும் கூட வரும். நீங்க எழுதுன அறிக்கைய மாத்தி எழுதுங்க. மறுநிமிசம் ஏறுதேன்."

அவர்: "முடிஞ்ச விஷயம் சார் அது."

அவருக்கு முடிந்தது.

மார்ச் 8, பகல் 12.50

பிடித்துவிட்டேன். விசை எப்போது ஒட்டுகிறது என்பதைப் பிடித்துவிட்டேன்.

குக்கரில் கஞ்சி கொதிக்கும்போது மட்டும் ஒட்டுகிறது. ஆவி அறையில் பரவினால் என்ட்டர் கீழே போனது மேலே வருவதில்லை. குக்கரை அணைத்து, காற்றை உலரவிட்டால் ஒழுங்காக எழுகிறது. மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். அடுப்பு அணைந்த நேரத்தில், உலர்ந்த காற்றில் சோதித்தால் பழுதில்லை என்றுதான் வரும்.

அன்றும் அடுப்பில் கஞ்சி இருந்தது. அவனுக்காக வைத்த கஞ்சி.



மார்ச் 9, காலை 9.15

விசை மூடியை நெம்பி எடுத்தேன். அடியில் சந்தனம். காய்ந்து ஓடுபோல் ஒட்டிக் கிடக்கிறது, நடுவில் குங்குமம்.

வைத்த கை எது என்று எனக்குத் தெரியும். மிக்கேல் சாவதற்கு முன் வந்த ஆயுத பூஜைக்குக் கோதண்டம் இங்கே வந்திருந்தார், பூமிக்குப் படம் அனுப்புவதற்காக. பனி வெட்டும் எந்திரத்துக்குப் பொட்டு, காற்றுக் குழாய்க்குப் பொட்டு. கணினிக்கு மூடிமேல் வையுங்கள் என்று நான் சொன்னேன். "மூடி மேல வச்சா கேமராவுல தெரியாது சார்" என்று பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் விசைமேலேயே அப்பினார். மிக்கேல் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். என் காதருகே வந்து, "அண்ணாச்சி, நாங்க கும்பிட மட்டுந்தான் செய்வோம். நீங்க சாமிய உள்ளேயே பூசி அனுப்பிருதீய" என்றான். நான் சிரித்துவிட்டேன்.

அடியில் வழிந்தது போக, விசை ஓரத்து இடுக்கில் அப்பிய சந்தனத்தில் ரேகை அப்படியே இருக்கிறது. கோதண்டத்தின் கட்டைவிரல். ஒட்டுநாடாவில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 9, மாலை 4.20

சொல்லிவிட்டேன். "விசைக்கு அடியில சந்தனம் கெடக்கு. ஒங்க கைரேகையோட கெடக்கு. ஆவி பட்டா ஊறி ஒட்டுது. மிக்கேலக் கொன்னது ஒங்க பொட்டு."

கத்துவார், மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் குரலில் நிம்மதி தெரிந்தது.

"சந்தனமா? ஐயோ கடவுளே. அப்படியே இருக்கலாம் சார். நானே ஒத்துக்கறேன், பூஜையில நடந்த தவறு. அறிக்கையை அப்படியே மாத்தி எழுதிடறேன். நீங்க அதைத் தொடாதீங்க. வேற யார் கைக்கும் போகவேண்டாம். நானே கப்பல்ல வந்து வாங்கிக்கறேன்."

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஏன் எனக்குச் சந்தோஷம் வரவில்லை?

மார்ச் 10, காலை 8.00

சின்னத் தப்பை ஓடி வந்து ஒப்புக்கொள்கிறவன் பெரிய தப்பை மடியில் கட்டி வைத்திருப்பான்.

சந்தனத்தை முழுதும் துடைத்தேன். ஸ்பிரிட் போட்டுக் கழுவினேன். குக்கரை ஏற்றினேன். ஆவி வந்ததும் விசை ஒட்டியது. சந்தனத்தின் சுவடுகூட இல்லாமல் ஒட்டியது.

விசைக்குக் கீழே ஒரு ரப்பர் குமிழ் உண்டு. அதுதான் விசையை மேலே தள்ளும். அதைப் பிடுங்கி ஆவியில் காட்டினேன். ஊறிய பச்சரிசிபோல் உப்பியது. மற்ற விசைகளின் குமிழ்களும் அப்படியே உப்புகின்றன. ஈரத்தில் உப்புகிற ரப்பரை எவனாவது காற்றறைக் கதவுக்கு வைப்பானா? வைத்திருக்கிறான். தெரிந்தே வைத்தானா என்பதுதான் கேள்வி. சந்தனம் என்றதும் அவர் விட்ட பெருமூச்சில் பாதி பதில் இருந்தது.

மீதி பதிலை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

மார்ச் 14, பகல் 3.10

மிக்கேலின் மாற்று உடுப்பு இன்னும் அலமாரியில் தொங்குகிறது. அதன் கழுத்து வளையத்தில் நல்ல ரப்பர் இருக்கிறது. அதில் ஒரு துண்டு வெட்டி, செதுக்கி, என்ட்டர் விசைக்குக் குமிழாக வைத்தேன். நான்கு நாள் பிடித்தது. கை நடுங்குகிறது என்று அறிக்கையில் எழுதியது மட்டும் உண்மை.

ஆவியில் சோதித்தேன். குக்கரை ஒட்டியே வைத்துச் சோதித்தேன். ஒரு முறை அழுத்தினால் ஒரு முறைதான் விழுகிறது.

இது யாருக்கும் தெரியாது.

மார்ச் 20, காலை 10.05

கப்பல் இறங்கிவிட்டது. ஓட்டி வந்திருப்பவள் ஜெசிந்தா. அவள் கப்பலை விட்டு இறங்கமாட்டாள். அழைப்பு வந்தது: "பெரியவரே, பெட்டி கட்டியாச்சா? ஒங்க கஞ்சி வாசன வானொலியிலயே வருது."

"வருதா? நெறையத்தான் வச்சிருக்கேன்."

கோதண்டம் தனியாக நடந்து வருகிறார்.

மார்ச் 20, காலை 10.40

காற்றறைக்குள் வந்து வெளிக்கதவைச் சாத்திக்கொண்டார். திறந்த அலைவரிசையில்தான் பேசினோம். ஜெசிந்தா கேட்டாள், பூமியும் கேட்டது.

"காத்த நிரப்புங்க சார்."

"நான் விசையத் தொடக்கூடாதுன்னு ஒங்க உத்தரவு இருக்கே."

"சரி, அதை ரத்து பண்றேன். அழுத்துங்க."

அழுத்தினேன். காற்று நிரம்பியது. திரையில் அடுத்த கேள்வி வந்து நின்றது. அவர் உடுப்போடு அப்படியே நின்றார்.

"கதவைத் திறங்க."

"கொக்கியில உடுப்பு விழாம எப்படித் தெறக்கும்? நீங்க வச்ச ஏற்பாடுதான, மறந்துபோச்சா?"

மறந்துதான் போயிருந்தார். பூஜைக்கு வந்துபோன பிறகு அலுவலகத்தில் இருந்து எழுதிய விதி; அந்த விதிக்குள் அவர் நின்று பார்த்ததில்லை.

"அப்போ என்னை வெளியவே விட்டுடுங்க. கப்பலுக்குப் போறேன்."

"போவீங்க. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. கழட்ட ஏன் பயப்படுதீங்க? விசையில பழுதில்லன்னு எழுதுன கை ஒங்க கைதான?"

ஜெசிந்தா: "பழுதில்லன்னா கழட்டுங்களேன் சார். என்ன தயக்கம்?"

"நீ சும்மா இரு!"

குக்கர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மார்ச் 20, பிற்பகல் 1.55

அவருடைய உடுப்பில் காற்று குறைந்து மணி அடிக்கத் தொடங்கியது. எத்தனை தடவை கேட்டாலும் நான் அதே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டேன். குக்கரைக் கையில் எடுத்து, ஜன்னலருகே, விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அந்த ஆவியைப் பார்த்தார்.

உடைந்தார்.

"சந்தனம் இல்ல. அந்த ரப்பர்... அந்த லாட் முழுக்க ஈரத்துல ஒட்டும். டெஸ்ட் ரிப்போர்ட் எனக்கு முன்னாடியே வந்துச்சு. திருப்பி அனுப்பினா நிலையம் திறக்க ஆறு மாசம் தள்ளிப்போயிருக்கும். நான்தான் பரவாயில்லைன்னு கையெழுத்துப் போட்டேன். விசை ஒட்டும். அழுத்தினா எழாது. தெரியும் எனக்கு. இசக்கிமுத்து மேல தப்பில்ல. போதுமா? குக்கரை எடுங்க சார், கால்ல விழறேன், அதை எடுங்க!"

ஜெசிந்தா மெதுவாகச் சொன்னாள்: "பதிவாயிருச்சு பெரியவரே. பூமியிலயும் பதிவாயிருச்சு. ஒங்க மேல இருந்த பழி போயிருச்சு. அவரை உள்ள விடுங்க."

"விடுதேன்மா" என்றேன்.

மார்ச் 20, பிற்பகல் 2.10

வானொலியில் எதுவும் பேசாமல் ஜன்னலுக்குப் போனேன். குக்கரை அணைத்து ஓரமாக வைத்தேன். கணினியை உயர்த்திப் பிடித்து, கதவுக் கேள்வி நிற்கும் திரையை ஒதுக்கிவிட்டு இந்தக் குறிப்பைத் திறந்து காட்டினேன். விசை மூடியைக் கழற்றிப் புதுக் குமிழைக் காட்டினேன். திரும்ப மாட்டி ஒரு முறை அழுத்தினேன். ஒரு வரி இறங்கியது. மறுபடி அழுத்தினேன். ஒரு வரி.

கண்ணாடிக்கு அப்பால் அவர் முகத்தில் உயிர் வந்ததைப் பார்த்தேன். தலையை ஆட்டினார். கையெடுத்துக் கும்பிட்டார்.

தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். கையுறை. தோள்பட்டை. சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டியிருக்கிறது. இடுப்புக்குக் கீழே இன்னும் கழற்றிக்கொண்டிருக்கிறார்; கொக்கி காலி.

மிக்கேலுக்குக் கும்பிட நேரம் கிடைக்கவில்லை.

மார்ச் 20, பிற்பகல் 2.14

இதைக் கண்டெடுப்பவருக்கு.

விசை ஒட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். நிலாவிலும் பூமியிலும் பதிவாகிவிட்டது. இனி எந்த விசாரணையும் என் விரலைக் குறை சொல்லாது. அவர் எழுதிய அறிக்கை என்னைக் கொலைகாரனாக்கியது. அவர் கொடுத்த வாக்குமூலம் என்னை நிரபராதியாக்கிவிடும்.

ஆனால் குறிப்பில் பொய் இருக்காது என்று முதல் நாளே எழுதியிருக்கிறேன். ஆகவே எழுதுகிறேன். குக்கர் அணைந்திருக்கிறது. ஆவி அடங்கிவிட்டது. விசைக்குக் கீழே இருப்பது சூசை மிக்கேலின் ரப்பர். பழுதில்லை. என் கை நடுங்கவில்லை. அடைப்புச் சக்கரம் மறுகோடியில் இருக்கிறது. நான் எழுந்திருக்கப் போவதில்லை.

ஒரு முறை அழுத்தினால் ஒரு முறைதான் விழும்.

*கதவு அமைப்பு, 2.15: காற்றை வெளியேற்றவா?*

*ஆம்.*