எதிரணியின் அறையில்

அன்புள்ள எஃபி,

கால்பந்து ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மறு ஆட்டம் புதன்கிழமை இங்கேயே, டண்டீயில். அதுவரை அணியோடு விடுதியில் இருப்பேன். குளிர் அதிகம்.

பத்திரிகையில் ஒரு வேடிக்கைச் செய்தி வரலாம். படித்துக் கலங்காதே. இளமை முழுவதும் நான் ஆடிய மைதானம் இது. இடைவேளையில் கால்கள் பழைய வழக்கப்படி உள்ளூர் அணியின் அறைக்கே போய்விட்டன. அங்கே நின்று பேசவும் தொடங்கிவிட்டேன்.

"வேவு பாக்க வந்துட்டாருடா கிழவர்!" என்று அவர்கள் கேப்டன் கத்தினான். "இருங்க மேனேஜர், டீ குடிச்சிட்டுப் போங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கால் மட்டும் வழி தவறியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன், எஃபி. அவர்களுடைய இடது ஓர ஆட்டக்காரனிடம், "ஆர்ச்சி, பந்தைத் தூக்கிப் போடு, நான் தலையால முட்டிக்கிறேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த நொடியில் அவன், அந்நாளில் என்னோடு ஆடிய ஆர்ச்சிதான். ஆர்ச்சியின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன்.

நம் டூகாலும் என்னைப் போலவே ஈரத்தில் கல்லாய்க் கனக்கும் தோல் பந்தை நெற்றியால் முட்டிப் பேர் வாங்கியவன். போன மாதம் நாம் போயிருந்தபோது, தன் மனைவியிடமே "நீங்க யாரும்மா?" என்று கேட்டானே.

அவனை ஆர்ச்சி என்று நினைத்தது கிளப் இயக்குநர்கள் காதுக்கு எட்டினால் வேலை போகும். நாம் குடியிருக்கும் வீடும் கிளப்புடையது. யாரிடமும் மூச்சு விடாதே.

வியாழன் மாலை ரயிலில் வருகிறேன். வீட்டுக்கு வழி தெரியும், ஆனாலும் ஸ்டேஷனுக்கு வா. என்னைப் பார்த்ததும், நான் பெயர் சொல்லிக் கூப்பிடக் காத்திருக்காமல், நீயே முதலில் பேசிவிடு.

உன் கணவன்