மாமாவின் கைரேகை

அன்பு மகளுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இங்கே நலம் என்று எழுதினால் பொய். உன் மாமாவை அடித்துப்போட்டுவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, முதலில் அதைப் படித்துக்கொள். ஆலைக் காவலாளிகள் லோடுமேன் ஒருவனை அடித்தே கொன்றதை மாமா எதிரே இருக்கும் தன் வெல்டிங் பட்டறையிலிருந்து போனில் படமெடுத்தார் அல்லவா, நான் வேலையாக வெளியூரில் மாட்டிக்கொண்டதால், உன் பொதுச்சாவியை இணையத்திலிருந்து எடுத்து, நீ மட்டும் திறக்கும்படி படத்தைப் பூட்டி உன் வக்கீல் ஆபீசுக்கு அவரையே அனுப்பச் சொன்னேன். இணையத்தில் உன் பெயரில் இரண்டு சாவி கிடந்திருக்கிறது. ஒன்று ஆலைக்காரர்கள் ஏற்றியது. யார் எதை ஏற்றினாலும் வாங்கிவைக்கும் சர்வர், நீ யார் என்று கேட்காது. மாமா பால் பாக்கெட் எடுப்பதுபோல் புதுத் தேதி பார்த்து எடுத்தாராம். சாவியோடு இருந்த மின்னஞ்சல் முகவரியும் அவர்களுடையது, படம் நேரே அவர்கள் மடியில் போய் விழுந்தது.

கைரேகையைச் சரிபார்க்காமல் அனுப்பாதீங்க மச்சான் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். சாவி யாருடையது என்று காட்டும் அந்த நீள எண்ணெழுத்து வரிசையைத்தான் நாம் அப்படிச் சொல்வோம். மனுஷன் தன் கட்டைவிரலைப் போனில் வைத்திருக்கிறார், பூட்டுத் திறந்திருக்கிறது, கைரேகை சரியா இருக்கு மாப்ள என்று எனக்குச் செய்தி அனுப்பிவிட்டார். நானும் நம்பித் தொலைத்தேன். மறுநாள் இரும்புக் குழாயோடு பட்டறைக்குள் புகுந்து விலாவை உடைத்தார்கள், அவர் விரலை வைத்தே போனைத் திறந்து படத்தை அழித்தார்கள், பிறகு அதே வலது கட்டைவிரலை இரும்பு பிடிக்கும் வைஸில் கொடுத்து முறுக்கினார்கள். டாக்டர் விரலை எடுத்துவிட்டார். இனி நான் கைநாட்டுக்கும் லாயக்கில்ல மாப்ள என்று சிரித்தவர் விலா வலித்து அழுதார். கைரேகைன்னா மனுஷன் விரலத்தான் நெனப்பான், ஒங்க கம்ப்யூட்டர் பாஷையில தீய வைக்க என்று உன் அம்மா என்னைத் திட்டியதோடு சரி, இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நகல் இருக்கிறது. வெல்டிங் ராட் டப்பாவுக்குள் மெமரி கார்டில் போட்டிருந்தார், டப்பாவை உதைத்துக் கொட்டியவர்கள் குனிந்து பார்க்கவில்லை. இப்போது என்னிடம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் நர்ஸ் நம் ஆள்தான், என்னைப் பார்த்து, நான் உன் அண்ணனா என்று கேட்டாள், அந்தக் கதை பிறகு. கிடைத்ததும் போன் செய், உன் கம்ப்யூட்டரில் உள்ள சாவியைப் பார்த்துக் கைரேகையை நீயே வாயால் வாசி, நான் எடுத்துவைத்திருக்கும் சாவியோடு ஒப்பிடுகிறேன். ஒட்டுக்கேட்டால் கேட்கட்டும், அது ரகசியமில்லை, உன்னுடையதுதானா என்பதுதான் விஷயம். ஓர் எழுத்துப் பிசகினாலும் அனுப்பமாட்டேன், நீ அழுதாலும் சரி. உன் ஆபீஸ் அவர்களுக்குத் தெரியும், தனியாக நடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. எலும்பு முறியாமல் நெடுநாள் இரு, அதுதான் என் ஆசீர்வாதம். மாமாவின் ஆசீர்வாதம் கீழே மையில் இருக்கிறது, இடது கட்டைவிரல். அதைச் சரிபார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா