ஒன்பது படிகளின் படம்

இன்று காலை, செங்கம் சாலையில் புதிதாக விடுதி கட்டியிருக்கும் ஒருவர் தன் இணையதளத்தில் போடச் சொல்லி ஒரு படம் அனுப்பினார். அகலமான ஜன்னல், அது நிறைய மலை. நேரில் போய் அந்த ஜன்னலைத் திறந்தேன். பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. படம் கம்ப்யூட்டரில் செய்ததாம். உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது.

நாம் சேர்ந்து செய்த மூன்றாவது இணையதளமும் ஒரு விடுதிக்குத்தான். நீ படம் எடுப்பாய், நான் பக்கத்தை வடிவமைப்பேன். முதலாளி உன் படங்களை ஒதுக்கிவிட்டு, எங்கிருந்தோ எடுத்த ஒரு வாசலின் படத்தைக் கொடுத்தார். பளிங்குத் தரை, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம். நீ வேண்டாம் என்றாய். நான்தான் போட்டேன். பக்கம் அழகாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அந்தப் படத்தை நம்பி, நடக்க முடியாத ஓர் அம்மா மகளோடு ஓசூரிலிருந்து வந்து இறங்கினார். வாசலில் ஒன்பது படிகள். பக்கத்தின் அடியில் நம் எண் இருந்ததால் மகள் நம்மைத்தான் கூப்பிட்டாள். ஓடிப்போய், ஆட்டோக்காரரையும் சேர்த்துக்கொண்டு நாற்காலியோடு தூக்கினோம். ஐந்தாவது படியில் அந்த அம்மா, "இறக்கிடுங்கம்மா. நான் என்ன மூட்டையா?" என்று மெதுவாகக் கேட்டார். திரும்பக் கீழே இறக்கிவிட்டோம்.

அன்றே நீ அந்த ஒன்பது படிகளையும் எடுத்து முதல் பக்கத்தில் போட்டாய்.

"யாரக் கேட்டுப் போட்டீங்க? இதப் பாத்துட்டு எவன் வருவான்?" என்றார் முதலாளி.

"ஏற முடிஞ்சவங்க வருவாங்க சார். முடியாதவங்க வந்து தெருவுல நிக்க மாட்டாங்க."

வேலை போனது. அவர் பேச்சைக் கேட்டு இன்னும் இரண்டு விடுதிகளும் விலகின. ஒரு சாரி சொல்லிவிடு என்று உன்னிடம் கெஞ்சினேன். "எந்தப் படத்துக்குடி சாரி சொல்லணும்?" என்றாய்.

வேலையில்லாத அந்த நாட்களில்தான் ஊரெல்லாம் சுற்றி, தங்குமிடங்களின் வாசல்களை மட்டும் காட்டும் ஒரு பக்கத்தைத் தொடங்கினோம். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் சிக்னல் திணறினாலும் திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு படத்தையும் சுருக்கினாய். "எடை கம்மியா இருக்கட்டும். படி மட்டும் தெளிவாத் தெரியணும்" என்பாய். பார்வை இல்லாதவர்களுக்குப் போன் படித்துச் சொல்லும்படி, படத்தோடு விவரமும் எழுத வைத்தாய்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் நான்கே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நீ கடைசியாக எடுத்த வாசல்களுக்கு நான் விவரம் எழுதினேன்.

இன்று அந்த ஜன்னல்காரரிடம், உண்மையில் இருப்பதைப் படம் எடுத்துப் போடுகிறேன் என்றேன்.

"நீங்க இல்லன்னா வேற ஆளு போடுவாங்க மேடம்."

"போடட்டுங்க. நான் போட மாட்டேன்."

எழுந்து வந்துவிட்டேன். அன்று உன்னிடம் கெஞ்சியவள்தான் நான்.

நேராக அடி அண்ணாமலைக்குப் போய், உன் கேமராவில் ஒரு தங்குமிடத்தின் வாசலை எடுத்தேன். 'மூன்று படிகள். கடைசிப் படி உயரம். கைப்பிடி இல்லை' என்று எழுதுவதை வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"கைப்பிடி இல்லங்கறதையும் எழுதணுமா?"

"எழுதித்தான் ஆவணுங்க. நீங்க கைப்பிடி வச்ச அன்னிக்கே வந்து மாத்திடறேன்."