உறைந்த படத்திடம் சொன்னவை

இதை எழுதுபவன் உன் தகப்பன். நோட்டரி வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவன். கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

அன்பு மகளுக்கு, இங்கு மூவரும், மாப்பிள்ளையையும் சேர்த்தால் நால்வரும், உடலளவில் சுகம்; நீயும் கப்பலில் அவ்வாறே இருப்பதாகக் கொண்டு மேலே எழுதுகிறேன். ஞாயிறு மதியமே உங்கள் கப்பல் தொலைபேசி எட்டாத கடலுக்குப் போய்விட்டதாக உன் ஆய்வுக்கூடத்தார் பிறகு சொன்னார்கள். சாமான் கொண்டுவரும் கப்பலில் கடிதம் சேரும் என்றார்கள், அதனால் இது. உன் அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன் மகள் குட்டிக்குக் கீழ்ப்பல் ஒன்று விழுந்துவிட்டது. நீ வந்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமாம், பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வழக்கம்போல் மேசையில் உன் இடத்தில், சர்க்கரை டப்பாவில் சாய்த்து, உன் முகம் தெரியும் போனை வைத்தோம். படம் அசையாமல் நின்றாலும் சாப்பாடு முடியும்வரை அதை எடுப்பதில்லை என்ற நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரிந்ததே. மாப்பிள்ளை அன்று பேசத் தயாராக வந்திருந்தார். வேறு ஊரில் தலைமையாசிரியர் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த பருவத்துக்குக் குட்டியை அழைத்துக்கொண்டு போகிறேன், சர்க்கரை டப்பாவுக்குப் புருஷனாக இருந்தது போதும், சட்டப்படி பிரிந்துவிடலாம், வேண்டாமென்றால் இப்போதே சொல் என்றார். நீ ஒன்றும் சொல்லவில்லை. உன் அம்மா பொறுக்காமல், கட்டினவன் இப்படிப் பேசறான், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கியேடி, வாயைத் தச்சா வச்சிருக்கு என்று உன்னையே திட்டினாள். குட்டிதான், அம்மா ரொம்ப நேரமா கண்ணே சிமிட்டல தாத்தா என்றாள்.

அவளுக்குக் கேட்டிருக்கும் மாமா, அவ பேசாம இருக்கறது எனக்குப் பழக்கம்தான் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை குட்டியின் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினார். காதில் விழாத ஒன்றுக்கு மௌனம் சம்மதமாகாது, உரியவருக்குத் தெரிவித்த பிறகே மேற்கொண்டு நடக்கலாம் என்றேன். ஒப்புக்கொண்டார். பருவம் தொடங்கும்வரை காத்திருப்பார். பெட்டி பாதி நிரம்பியபடி கூடத்தில் இருக்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறோம். உங்களுக்கு வருத்தமே இல்லையா என்று உன் அம்மா கேட்டாள். எழுதி முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆகவே உன் பதிலை உன் கையாலேயே எழுதி, திரும்பும் கப்பலிலேயே அனுப்பு. சரி என்றாலும் சரி, கூடாது என்றாலும் சரி; ஆய்வு முடியட்டும் என்று ஒத்திப்போடாதே. மேல்தளத்துக்குப் போகும்போது குளிர்காற்று படாமல் காதை மூடிக்கொள். எந்தக் கடலில் இருந்தாலும் உன் உடம்பும் அறிவும் உனக்குத் துணை நிற்கட்டும்.

மேற்கண்டதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரிதான் மாமா, ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க, முதல்ல சாப்பிட்டியான்னு கேட்டேன், அதுக்கும் அவ பதில் சொல்லல, அதையும் எழுதுங்க என்றார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கையொப்பம்)

சாட்சிகள்:
1. உன் அம்மா, திட்டியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு
2. இன்றைய தேதியில் உன் கணவர்